உறைந்த ஆகனும் கலஹா பஸ்ஸும்

மிஸ், உங்களுக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் இன்று காலை கடைக்கு வந்தது. மை மணம் இன்னும் போகவில்லை. தேவாரம் இருக்கிறது, வம்சாவளி இருக்கிறது, உங்கள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. தேங்காய்ச் சம்பலைத் தாண்டி நீங்கள் எதையும் உருப்படியாகச் சமைத்து நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் கெமிஸ்ட்ரி படிப்பித்து, ஆராய்ந்து, நீங்கள் வாழ்நாளெல்லாம் செய்த வேலையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

நான் எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஆராய்ச்சியும், நாம் பஸ்ஸில் கண்ட ஒரு சண்டையுமாக இரண்டு பக்கம். மலரை அச்சிட்ட சங்கத்தின் செயலாளர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அண்ணை, செத்தவீட்டுப் புத்தகத்தில புருசன் பெண்சாதி சண்டையோ? அதோட இந்தக் கெமிஸ்ட்ரி ஆருக்கு விளங்கப் போகுது?" என்றார். எனக்கு விளங்கியதே என்றேன். அவர் சிரித்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கண்டியில் பல்ப் விற்கிறவன் நான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியாதவனில்லை.

நீங்கள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. முதல்முதலாக டியூப் லைட் வாங்க வந்தபோது, அதற்குள்ளே பிறப்பது புற ஊதா ஒளி, வெள்ளைப் பூச்சுதான் அதை வெளிச்சமாக மாற்றுகிறது என்று நான் என் புத்தக அறிவைக் காட்டினேன். நீங்கள் விலையை மறந்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அந்த ஒளியை வைத்துத்தான் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்தேன் என்றீர்கள்.

சின்ன அமைட் மூலக்கூறுகள். அவற்றில் மிகச் சிறியது போமமைட். ஒரு காபன், ஒரு ஒட்சிசன், ஒரு நைதரசன், மூன்று ஐதரசன், அவ்வளவுதான். அதில் கொஞ்சத்தை ஏராளமான ஆகன் வாயுவோடு கலந்து உறைய வைப்பீர்கள். பல்புக்குள் அடைக்கிற அதே ஆகன். அது உறைகிற குளிருக்கு முன்னால், குளிருக்குப் பேர்போன நுவரெலியாவே ஓர் அடுப்பு என்பீர்கள். பிறகு அதன் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் மூலக்கூறு உடையும். ஒரு வழியில் உடைந்தால் அமோனியாவும், வாகனப் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டும். இன்னொரு வழியில் ஐதரசனும் ஐசோசயனிக் அமிலமும்.

உடைந்த துண்டுகள் ஓடிவிடும் என்று நான் வாதாடினேன். வெறும் வாயுவில் ஓடும், உறைந்த ஆகனுக்குள் ஓடாது, சோடியாகவே நிற்கும் என்றீர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கடைக்கு வரும்போதெல்லாம் அதே சண்டைதான். ஒருதரம்கூட நீங்கள் சலிக்கவில்லை. "உங்களுக்கு விளங்காட்டி அது என்ர பிழை, முதலாளி" என்றீர்கள்.

கடைசியில் கலஹா பஸ்தான் தீர்த்து வைத்தது. கலஹாவில் என் தங்கை இருக்கும் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு உங்களையும் கூட்டிப் போனேன். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு புருஷனும் பொண்டாட்டியும் பேராதனையிலேயே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். "இனி ஒங்க கூட ஒரு நிமிசம் இருக்க மாட்டேன். நான் எறங்குறேன்" என்றாள் அவள். "எறங்கு, யாரு புடிச்சா" என்றான் அவன். எங்கே இறங்குவது? கொண்டக்டர் பின்னாலிருந்து இன்னும் ஆட்களை நெருக்கிக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்பக்கூட முடியாமல் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

நீங்கள் என் காதருகே சொன்னீர்கள்: "பாருங்கோ முதலாளி, உடைஞ்சது உடைஞ்சதுதான். ஆனா விலக இடமில்லை."

அப்போது அந்தப் புருஷன் மறுபக்கத்தில் நின்றவரிடம் மணி கேட்டான். அவள் ஒட்டி நின்றதால் குரல் அடங்கி, வேறு யாருடையதோ போல இருந்தது. அதையும் நீங்கள் விடவில்லை. அமோனியா தனியாக நின்றால் அகச்சிவப்பு ஒளியை ஓரிடத்தில் உறிஞ்சும், பக்கத்தில் காபனோரொட்சைட் நின்றால் அந்த இடம் கொஞ்சம் விலகும், அந்த விலகலை வைத்துத்தான் இரண்டும் பக்கத்தில் நிற்கின்றன என்று கண்டேன் என்றீர்கள். அத்தோடு நான் ஒத்துக்கொண்டேன். ஊர் வந்து பஸ் காலியானதும் அவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். "ஆகன் இளகிற்றுது" என்று நீங்கள் சொல்ல, நடுரோட்டில் நான் சிரித்தேன்.

இதனால் என்ன பயன் என்றும் கேட்டேன். நம் உடம்பின் புரதங்களைக் கோத்திருப்பதும் இதே காபன் நைதரசன் பிணைப்புத்தான், நட்சத்திரங்களுக்கு நடுவே உறைந்த தூசியிலும் போமமைட் இருக்கலாம், அங்கே ஒளி பட்டால் எது மிஞ்சும் என்று யாராவது பார்க்க வேண்டாமா என்றீர்கள். அன்றிலிருந்து வானத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அதற்கு நன்றி சொல்ல அந்த இரண்டு பக்கம்தான் எனக்கிருந்த வழி.

ஆகவே சொல்கிறேன். செயலாளர் அந்த இரண்டு பக்கத்தையும் அச்சிட்டு, மலர் போன வீடுகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். சண்டையை வெட்டக் கூடாது. உங்கள் தம்பி, அக்கா என்ன ஆராய்ந்தார் என்று தன் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் என்னிடம் வரட்டும். வளாகத்தில் உங்களிடம் படித்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது நகரத்துக்கு வந்து, எங்களைப் போன்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்கிற மாதிரி ஒரு கூட்டம் வைக்க வேண்டும். மண்டபத்துக்கு நான் பொறுப்பு. முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் மறுத்துப் பேசுவதும் நான்தான்.