ஜெல்லி அச்சுகளை ஏன் அனுப்பினாய்?

தாழக்குடி,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் லட்சுமிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. தாணுமாலயன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சுகம்தானே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த இடத்தில் கை நின்றுவிட்டது, ஏன் என்று போகப் போக உனக்கே தெரியும். போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், உன் சிரிப்பைக் கேட்டதும் நானும் கேட்க வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கன்னிப்பூ அறுத்து நெல் வீட்டுக்கு வந்தாயிற்று, மழை முந்திக்கொண்டதில் வைக்கோல்தான் கறுத்துப் போனது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், ஆனால் வயலுக்குப் போகாதே என்று டாக்டர் சொன்னதைமட்டும் காதில் வாங்குவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் சிநேகிதி பெபிஷா லண்டனைக் காலிசெய்துவிட்டு மார்த்தாண்டத்துக்கே திரும்பி வந்தாளே, அவள் சாமான்களோடு நீ அனுப்பிய பெட்டிகளை வேனில் கொண்டுவந்து இறக்கினாள். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ என்றேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிரியா எப்படி இருக்கா என்று கேட்டதற்கு, "அத அவளே சொல்லுவா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டாள். நல்லா இருக்கா என்று சொல்ல ஒருத்திக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிறகு பெட்டியைப் பிரித்தேன். கோட்டை மாதிரி ஒன்று, மீன் மாதிரி ஒன்று, அன்னாசிப்பழம் மாதிரி ஒன்று என்று உன் செம்பு ஜெல்லி அச்சுகள் எல்லாம் இருந்தன. பாலமும் மரமும் பறவையும் வரைந்த நீலப் பீங்கான் தட்டுகள், கால் வைத்த கேக் தட்டு, வெள்ளி முலாம் கரண்டிகள், ஒன்று பாக்கியில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் குளிரில் நின்று நீ பொறுக்கிச் சேர்த்தவை, நூறு வருஷத்துச் சாமான் அம்மா என்று போனில் திருப்பித் திருப்பிக் காட்டியவை. செத்துப்போன யாரோ தின்ற தட்டில் விருந்தாளிக்குச் சோறு வைப்பாயா என்று நான் முகத்தைச் சுளித்ததற்கு என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. வீட்டில் இடமில்லை என்று நீ சொன்னாய். இடமில்லாவிட்டால் ஒருத்தி நாலு தட்டை அனுப்புவாள், எல்லாவற்றையுமா அனுப்புவாள்?

அதுவாவது போகட்டும் என்று விட்டிருப்பேன். தட்டுகள் உடையாமல் இருக்க நீ எதில் சுற்றியிருந்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை நிதினின் சட்டைகளில். கிழிந்ததில்லை, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாத நல்ல சட்டைகள். பெரிய கேக் தட்டைச் சுற்றியிருந்தது தலைதீபாவளிக்கு நாங்கள் எடுத்துக்கொடுத்த பட்டு வேட்டி. அப்பாவிடம் காட்டினேன். "ஒனக்கு எதுலதான் சந்தேகமில்ல? அவனுக்கு வயிறு பெருத்திருக்கும், சட்டை பத்தாம போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வேட்டிக்கு வயிறு பெருத்தால் என்ன? அன்றிலிருந்து நீ வீடியோவில் பேசும்போதெல்லாம் உன் முகத்தைவிட உனக்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்த்தேன். முன்பு கண்ணாடி அலமாரி தெரியும், இப்போது வெறும் சுவர். மாப்பிள்ளை எங்கே என்றால் குளிக்கிறார் என்பாய், அடுத்த தடவை கேட்டாலும் குளித்துக்கொண்டுதான் இருப்பார்.

பொறுக்கமுடியாமல் நானே திருவட்டாற்றுக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். சும்மா போனால் எதற்கு வந்தாள் என்று அவர்களுக்கும் தோன்றுமே, அதனால் அந்த அன்னாசி அச்சைத் தேடி எடுத்தேன். உள்ளே ஈயம் தேய்ந்து செம்பு தெரிந்தது, அப்படியே வைத்தால் களிம்பு ஏறும் என்று வடசேரியில் பாத்திரக்காரனிடம் கொடுத்து ஈயம் பூசி வாங்கினேன், அவன் மாற்றிவிடுவானோ என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கடல்பாசி காய்ச்சி, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அதில் ஊற்றி, உறைந்ததும் துணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே போய்த் தட்டில் கவிழ்த்தபோது முள்ளும் இலையுமாக அப்படியே ஒரு முழு அன்னாசிப்பழம் எழுந்து நின்றது. நிதினின் அம்மா அதைப் பார்க்கவில்லை மகளே, அச்சைத்தான் பார்த்தார்கள். "இது பிரியாவுக்க பாத்திரமில்லியா? எல்லாம் வந்து சேந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். எல்லாம் என்று நான் சொல்லவே இல்லையே. அதற்குப் பிறகு அவர்கள் மழையைப் பற்றியே பேசினார்கள், நானும் மழையைப் பற்றியே பேசினேன், கடல்பாசியை யாரும் தொடவில்லை.

நிதினின் தங்கை அபிதாதான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். அங்கே நின்று அழுதாள். "அத்தை, அண்ணனும் மதினியும் பிரிஞ்சு மாசக்கணக்கு ஆச்சு. ஒத்துப்போகல்லன்னு மட்டுந்தான் அண்ணன் சொல்லுதான். அந்த வீட்ட விட்டுட்டு மதினி ஒரு ரூம்ல இருக்கா. மாமாவுக்கு ஆபரேசன் ஆன சமயம், யாரும் சொல்லப்பிடாதுன்னு மதினிதான் எங்கள்ட்ட சத்தியம் வாங்கினா" என்றாள். அந்தப் பெண்ணிடம் நீ கோபிக்காதே, நான் துருவித் துருவிக் கேட்டேன். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய நெஞ்சு தாங்காது என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்து அடுக்களைக்குள் போய்விடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியத்தையும் அவர்கள் வீட்டாரும் விருந்துக்கு வந்தார்கள். அப்பாவே உன் நீலத் தட்டுகளை எடுத்துக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். மீன் அச்சில் இளநீர்க் கடல்பாசி ஊற்றியிருந்தேன். சைவக்காரி வீட்டில் மீனா என்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, பெரியத்தை ஆரம்பித்தார்கள். "எலே தம்பி, மருமவன் இந்தப் பொங்கலுக்காவது வாறானா? இல்ல, ஊருல வேற என்னமோ பேசிக்கிடுதாவளே?" நான் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அக்கா என்று கரண்டியோடு குறுக்கே போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவன் வரமாட்டான் அக்கா. ரெண்டுபேரும் பிரிஞ்சாச்சு. எனக்க மவ தனியாத்தான் இருக்கா" என்றார். பெரியத்தை விடுவார்களா, "பொம்பளப்பிள்ள கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்காண்டாமா, வீடு நெறைய ஆளக் கூட்டி வச்சு விருந்து விருந்துன்னு ஆடினா" என்றார்கள். அப்பா சத்தம்கூடப் போடவில்லை. "அக்கா, நீ தின்னுகது அவளுக்க தட்டு. அதுல தின்னுக்கிட்டு அவளக் கொற சொல்லாண்டாம்" என்றார். எல்லாரும் போன பிறகு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அந்தப் பட்டு வேட்டிய நீ காட்டின அன்னைக்கே நிதினுக்குப் போன் போட்டேன் ஏட்டி. ஒனக்குப் பிரசர் ஏறுமேன்னு சொல்லல்ல" என்றார். இத்தனை நாளும் ஒரே வீட்டில் அவர் என்னிடம் மறைத்திருக்கிறார், நான் அவரிடம் மறைத்திருக்கிறேன், நீ எங்கள் இரண்டுபேரிடமும். அன்றைக்குத்தான் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து அழுதோம்.

இனி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை மகளே, ஊருக்கே தெரிந்தாயிற்று, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டாரே என்று அப்பாமேல் வருத்தம் இருந்தால் அவரிடமே சொல், பயப்படாதே, அவர் நெஞ்சு நாம் நினைத்ததைவிடக் கெட்டி. வர வேண்டுமென்றால் வா, அங்கேயேதான் இருப்பேன் என்றால் இரு, வா வா என்று நான் பிடுங்கமாட்டேன். ஆனாலும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை அம்மா என்று அடுத்த கதையைச் சொல்லப்போகிறாய் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. தலைக்கு எண்ணெய் தேய், மழையில் நனைந்தால் உடனே துவட்டு. ஆதிகேசவப் பெருமாளும் நம் தாணுமாலயனும் உனக்குத் துணையாக நிற்கட்டும். அப்பா தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், எழுதமாட்டார், அதனால் அவருடைய ஆசியையும் இதிலேயே சேர்த்துக்கொள்.

கடைசியாக ஒன்று, இதற்குமட்டும் பொய் சொல்லாமல் பதில் எழுது. இருந்த தட்டையெல்லாம் இங்கே அனுப்பிவிட்டாயே, நீ எதில் சாப்பிடுகிறாய்?

உன் அம்மா,
தாணம்மாள் வள்ளிநாயகம்