ஒரு சின்னச் சொல்லைக் கேட்கப் பழகிய வாரம்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று காலை கண் விழித்ததும், ஜெபத்துக்கும் முன்னால், படுத்தபடியே வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வலது காதருகே கொண்டுபோய் உரசிப் பார்த்தேன். காகிதத்தைக் கசக்குவது போல லேசாகக் கேட்டது. பிறகு இடது கையால் இடது பக்கம். விரல்கள் உரசுவது தோலில் தெரிந்தது, சத்தம் வரவில்லை. ஐந்து நாளாக எழுந்ததும் இதைத்தான் செய்கிறேன். நீது போர்வைக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, அம்மா காதில் கொசுவா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீதுவுக்கு மாடல் பரீட்சை நடக்கிறது. கெமிஸ்ட்ரி சரியாக எழுதவில்லை என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், இப்போது சரியாகிவிட்டாள். வீட்டுக்காரர் கோலப்பன் அண்ணாச்சி மாடிப்படிக்குப் புது பல்பு போட்டுத் தந்தார். கீழே அவருடைய அரிசிக் கடைக்கு மூட்டை இறக்குகிற நாளில் தெரு முழுக்க லாரி நிற்கிறது, நீது சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வெளியே போக முடிகிறது. உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? ஏணியில் ஏறி ஏசி மாட்டும் வேலைக்குச் சின்னப் பையன்களை அனுப்புங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். என்னோடு ஆங்கிலப் பயிற்சிக்கு வரும் சபீனாவின் கணவர் வியாழக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நான் அனுப்புகிற மெசேஜை எல்லாம் ரூமில் நாலு பேர் நடுவில் படித்துக் காட்டுகிற ஆள் நீங்கள். இதை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் படியுங்கள்.

பயிற்சியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், அப்போதுதான் மற்றது புரியும். லண்டன் வேலைக்கான நர்ஸ் பரீட்சையில் போன தடவை எனக்கு ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூன்றும் தேறி, லிசனிங் மட்டும் போனது உங்களுக்குத் தெரியும். என் விடைகளைப் பார்த்த சுஜித் சார் (என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், ஆனாலும் சார்தான்), அஜிதா சேச்சிக்குப் பெரிய வார்த்தை எல்லாம் பிடிபடுகிறது, குட்டி வார்த்தைகள்தான் கையிலிருந்து நழுவுகின்றன என்றான். அதற்காக ஒரு வாரம் முழுக்க வகுப்பில் எங்களுக்கு ஒரே ஒரு சொல். ஃபார் (for). அவ்வளவுதான்.

விதி எதுவும் எழுதிப் போடவில்லை. வெள்ளைக்காரர்கள் வேகமாகப் பேசிய வாக்கியங்களை வெட்டி வெட்டி நாற்பதாகச் சேர்த்து வைத்திருந்தான். கேட்க வேண்டும். ஃபார் வந்தால் கையைத் தூக்க வேண்டும். பிறகு அது அங்கே என்ன வேலை பார்த்தது என்று சொல்ல வேண்டும். மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் அதிலும் ஃபார். வலிக்கு மாத்திரை என்றாலும் ஃபார். நாலாம் படுக்கைக்காரருக்குச் சாப்பாடு, இன்னொரு டாக்டருக்குப் பதிலாக வந்தவர், ஆபரேஷனுக்காகச் சேர்ந்தவர், எல்லாவற்றுக்கும் அதே சொல். தேடுவதற்கும் அது வேண்டும், காத்திருப்பதற்கும் அது வேண்டும். நாம் பெயருக்குப் பின்னால் ‘க்கு’, ‘க்காக’ என்று ஒட்டிச் சொல்வதை அவர்கள் முன்னால் வைத்து, பாதி விழுங்கி, அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறார்கள். இந்தச் சொல்லைப் பிடிக்க மீன் வலை கொண்டுவர வேண்டும் சார் என்று சபீனா சொல்லி வகுப்பே சிரித்தது. எனக்கும் பிடித்திருந்தது. காலேஜில் படித்த நாட்களுக்குப் பிறகு ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்கிற சந்தோஷம். பஸ்ஸில் நின்றுகொண்டே இது எதற்காக, இது எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் பிரித்துப் பார்ப்பேன். எந்த இடத்தில் என்ன பொருள் என்று கேட்டால் இப்போது தூக்கத்திலும் சொல்வேன்.

மூன்றாம் நாள் சுஜித் சார் எங்கள் நாற்காலிகளைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னான். கண்ணை மூடிக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கண்ணைத் திறந்து கேட்டதை எழுதச் சொன்னான். அதே போன்ற நாற்பது வாக்கியங்கள். முப்பத்தொன்றில் ஃபார் இருந்தது. சபீனா இருபத்தெட்டு பிடித்தாள். நான் பிடித்தது பன்னிரண்டு. முதல் இரண்டு நாளும் எனக்கும் இருபதுக்கு மேல் வந்ததே என்று யோசித்தேன். அத்தான், அந்த இரண்டு நாளும் சபீனாவின் கை எழும்பிய பிறகுதான் என் கை எழும்பியிருக்கிறது. ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன்.

சுஜித் சார் என் தாளைப் பார்த்துவிட்டு, சேச்சி, பதிவில் சொன்னதை நீங்கள் எழுதவில்லை, நர்ஸ் மூளையை வைத்து அங்கே என்ன சொல்லியிருப்பார்களோ அதை எழுதுகிறீர்கள் என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். நான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, சார் அனுப்பியிருந்த அதே பதிவைப் போனில் போட்டேன். சத்தத்தை முழுக்க வைத்தேன். நீது சமையலறையில் தோசை சுட்டுக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் ஃபார், ஃபார் என்று பாட்டுப் பாடுவது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பதைப் பிடித்துவிட்டாள். இது எளுப்பம் அல்லே அம்மா, ஈஸிதானே என்று மலையாளம் கலந்து கேலி வேறு. அவள் சொன்ன இடங்களில் பாதிக்கு மேல் எனக்கு ஒன்றுமே இல்லை, அத்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் வெறும் காற்றுதான் இருந்தது.

ஆங்கிலம்தான் வரவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்படியே இருந்திருப்பேன், போன புதன்கிழமை வராமல் இருந்திருந்தால்.

அன்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஆறாம் படுக்கையில் ஆபரேஷன் முடிந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மருந்து ஏற்றுகிற பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவருக்கு முதுகைக் காட்டி நின்று சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். நாலு எட்டு தூரம்தான். வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஜூனியர் அனுஷா ஓடி வந்தாள். என்னைத் தாண்டிப் போய்ப் பம்ப்பின் பட்டனை அமுக்கினாள். எந்தா சேச்சி, ஸ்வப்னம் காணுகயாணோ என்று சிரித்துக்கொண்டே கேட்டாள், நான் கனவு காண்கிறேனாம். பம்ப் அலாரம் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மருந்து தீர்ந்ததற்கான அலாரம், அவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ வந்துகொண்டுதான் இருந்தேன் என்று அவரிடம் சொன்னேன். பதினெட்டு வருஷ வேலையில் ஒரு நோயாளியின் வீட்டாரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் டூட்டி முடிந்ததும் ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பம்ப்புகளைப் பரிசோதித்தேன். பழைய பம்ப்பின் தடித்த சத்தம் எங்கே நின்றாலும் கேட்கிறது. புது பம்ப்பின் சத்தம் மெல்லியது, கூர்மையானது. அதற்கு நேராக முகத்தை வைத்து நின்றால் கேட்கிறது. திரும்பிக்கொண்டால் இல்லை. நான் திரும்பித் திரும்பி நின்று பார்த்தேன். எட்டுத் தடவை.

கொரோனா நாட்களில் எல்லோரும் மாஸ்க் போட்டபோது யார் பேசுவதும் சரியாகப் புரியவில்லை. மாஸ்க்தான் காரணம் என்று நினைத்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்றும் நினைத்தேன். வாயைப் பார்த்துக் கேட்கிறவளாக எப்போது மாறினேன் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வார்டில் டாக்டர்கள் எந்த நேரத்தில் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தில்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். என் அப்பாவை உங்களுக்கு நினைவிருக்கும். நம் கல்யாணத்தில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒரு நிமிஷம் தாமதமாகச் சிரித்தாரே. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. மாமனாருக்கு நகைச்சுவை மெதுவாகத்தான் இறங்கும் போல என்று நீங்கள் என்னிடம் கேலி செய்தீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் லீவு நாளில் நெடுநேரம் பேசினீர்கள். உங்கள் பக்கம் காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. நான் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் எனக்கு முழுசாகக் கேட்கிறது, அத்தான். கனத்த குரல், அதில் ஒரு குறையும் இல்லை. சொற்களின் ஓரங்கள்தான் எனக்கு வந்து சேர்வதில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நீதுவும் கேட்டிருக்கிறாள். வைத்த பிறகு அவள் என்னிடம், அப்பா அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ராஜினாமா கொடுக்கிறேன் என்கிறார், நீ உடனே சரி என்றுவிட்டாயே, உன் ரிசல்ட் வரும் வரை பொறுக்கலாமே என்று கேட்டாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் சொன்ன அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தை ஆபீசில் கொடுக்காதீர்கள். அங்கே ஐம்பது டிகிரி வெயிலில் இன்னும் எத்தனை கோடை நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதை மாற்றத்தான் இந்த வயதில் நோட்டும் பேனாவுமாகப் போனேன். ரூமில் எல்லோரிடமும் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருப்பீர்கள். மார்த்தாண்டத்தில் உங்கள் அக்காவிடமும் சொல்லியாகிவிட்டது. இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

சனிக்கிழமை எனக்குப் பரீட்சை. போனால் இந்தத் தடவை ஒருவேளை தேறிவிடுவேன். காதில் ஹெட்போன் மாட்டிச் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம், நர்ஸ் மூளை மீதியை நிரப்பிவிடும். என் பயமெல்லாம் தேறிவிட்ட பிறகு வருவதைப் பற்றித்தான். அங்கே எந்த வாயும் எனக்குப் பழக்கம் இல்லை. எந்த டாக்டர் என்ன சொல்வார் என்று ஊகிக்க முடியாது. ஓடி வர அனுஷாவும் இருக்க மாட்டாள். யாரோ ஒருவருடைய அப்பா படுத்திருப்பார், நான் முதுகைக் காட்டி நின்று எழுதிக்கொண்டிருப்பேன். இதை நினைத்துத்தான் ஐந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கேயும் அதே பயம்தான். புதன்கிழமைக்குப் பிறகு நான்கு டூட்டி பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் பம்ப் ஓடும் படுக்கைகளை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். கால் வீங்கிவிட்டது. சேச்சிக்கு என்ன ஆயிற்று, ரோந்து போலீஸ் மாதிரி சுற்றுகிறார் என்று அனுஷா கேட்கிறாள். இப்படி எத்தனை நாள் சுற்ற முடியும்?

காதுக்கு மெஷின் இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நானே எத்தனை பேருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று வரும்போது அந்தத் தைரியம் எங்கே போனதோ. நீதுவிடம் சொன்னால் பரீட்சையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

கோபம் வந்தால் கோபப்படுங்கள். ஆனால் போனில் திட்டாதீர்கள், எழுதித் திட்டுங்கள். ஒரு வரிகூட விடாமல் முழுவதும் எனக்கு வந்து சேர வேண்டும். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்களிடமிருந்து ஒன்றும் வராத நாட்களை என்னால் தாங்க முடியாது.

உங்கள் முட்டுக்கும், உங்கள் நெஞ்சுக்கும், நீங்கள் ஏறுகிற ஒவ்வொரு ஏணிக்கும் கர்த்தர் காவல் இருக்கட்டும் என்று இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன்.

இன்று எனக்கு ஆஃப். நாளை காலை ஏழு மணிக்கு டூட்டி. ஆறரைக்கே போய், வார்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் நர்சிங் சூப்பிரண்டின் அறைக்குப் போகப் போகிறேன். ஆறாம் படுக்கையில் நடந்ததைச் சொல்லி, பம்ப் ஓடுகிற படுக்கைகளை இனி என்னிடம் தராதீர்கள் என்று கேட்கப் போகிறேன். வேலையை விட்டே போகச் சொன்னாலும் சொல்லட்டும். சனிக்கிழமை பரீட்சை நடக்கிற நேரத்தில் காது டாக்டரிடம் உட்கார்ந்திருப்பேன். இதை சபீனாவிடமும் சொல்லவில்லை, சுஜித் சாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நான் சூப்பிரண்டின் அறைக்குள் போய் வெளியே வந்திருப்பேன்.

உங்கள்
அஜிதா