ஷூ தடம் பதிந்த பாத்தி

மரக்காணம்
2.3.2025

தலைகீழாக நின்று சம்பளம் வாங்கும் அன்பு அண்ணனுக்கு,

செந்தமிழ் எழுதுவது. பேருக்கு ஏற்ற மாதிரி என் தமிழ் விடைத்தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் வந்தது.

பப்ளிக் பரீட்சை முடியும்வரை என் போன் அம்மாவின் பீரோவில் கைதி. அப்பாவோ உன் நம்பரைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைக்கிறார். ஆகவே தபால்.

நீ சீனாவுக்கு யோகா மாஸ்டராகப் போனதில் அவருக்குக் கோபம் இல்லை. ஏர்போர்ட் வேன் ஹாரன் அடித்ததும், அன்றைக்குத்தான் மிதித்து முடித்த உப்புப் பாத்தியின் குறுக்கே புது ஷூவோடு நடந்து போனாயே, அதுதான். ஒரு வாரம் காலாலேயே களிமண்ணை மிதித்துத் தளம் போட்டவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மற்ற பாத்தியில் எல்லாம் தண்ணீர் விட்டு உப்புப் பூக்க ஆரம்பித்துவிட்டது. உன் ஷூ தடம் பதிந்தது மட்டும் காய்ந்து கிடக்கிறது. பக்கத்து உப்பளத்து ராஜவேல் சித்தப்பா, "நான் மிதிச்சு விட்றேம்பா" என்று கேட்டுப் பார்த்தார். "அது கிடக்கட்டும்" என்றார் அப்பா. கோபத்தை அப்படியே வெயிலில் காய வைத்திருக்கிறார் என்பது அம்மாவின் கணிப்பு.

நீ விட்டுப்போன சிரசாசன போட்டோவைத் தலைகீழாக மாட்டி வைத்தேன். அப்போதுதான் நீ நேராக நிற்கிறாய். மறுநாள் யாரோ சரியாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அந்த ஆணி அம்மாவுக்கு எட்டாது. மிச்சத்தை நீயே யோசி.

கைகால் முடிச்சு அவிழ்ந்திருக்கும் நேரத்தில் பதில் போடு.

உன் ஒரே தங்கை,
வேறு வழியில்லாத
செந்தமிழ்

சோங்கிங்
7.4.2025

வாலுக்கு,

உன் கடிதம் வந்த வாரம் இங்கே லீவு. யோகா கற்க வரும் இரண்டு பேர் என்னைப் பஸ்ஸில் ஒரு பழைய ஊருக்குக் கூட்டிப்போனார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் உப்புக் காய்ச்சிய இடமாம். தோண்டி எடுத்ததை ஒரு சின்ன மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். நம் ரேஷன் கடையைவிடக் கொஞ்சம் பெரிசு. அடி கூராக இருக்கும் மண்சட்டிகள்தான் முழுக்க. ஊற்றில் வரும் உப்புத்தண்ணீரை அதில் விட்டு அடுப்பில் வற்ற வைப்பார்களாம். வெயிலுக்குக் காத்திருக்கிற வேலையே இல்லை.

பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே அந்தக் காலத்துக் களிமண் தளம் அப்படியே இருக்கிறது. பலகைமேல் நின்றுதான் பார்க்க வேண்டும். என்னை அறியாமல் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கோயில் என்று நினைத்துவிட்டேன் எனக் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். காவலுக்கு இருந்த பெரியம்மா சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார். மூலைக்குக் கூட்டிப்போய்க் கீழே கை காட்டினார்.

ஒரு கால்தடம். ஐந்து விரலும் தெரிகிறது. பக்கத்திலேயே இன்னொன்று, சின்னப் பிள்ளையின் கால். அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் மிதிப்பேனே, அதே நெருக்கம்.

அவர்கள் இத்தனை காலம் கழித்தும் வெறுங்காலோடு இருக்கிறார்கள். நான் விட்டு வந்தது ஷூ தடம். அந்தப் பாத்தியை மிதித்துவிடச் சொல், செந்தமிழ். தினமும் அவர் கண்ணில் பட வேண்டாம்.

அப்பா கேட்டால் இதைப் படித்துக் காட்டு. கேட்காவிட்டாலும்.

அறிவழகன்

மரக்காணம்
11.5.2025

ஷூ அண்ணனுக்கு,

போனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், எனக்குச் சிரிப்பு வரும்.

அப்பா சாப்பிடும்போது உன் கடிதத்தை டிவி நியூஸ் மாதிரி படித்தேன். தலை நிமிரவே இல்லை. சின்னப் பிள்ளையின் கால் வந்த இடத்தில், மோர் ஊற்றாமலே வெறும் சோற்றைப் பிசைந்தார். பாத்தியை மிதித்துவிடு என்று நீ எழுதியது வந்ததும் கை கழுவ எழுந்துவிட்டார். வாசல்வரை போய் ஒரே ஒரு கேள்வி.

"அந்தக் கால் மேல மழை விழாம என்னா போட்டிருக்காங்களாம்?"

"கொட்டகைப்பா."

"கொட்டகையா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கூனிமேட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. நம்மிடம் நல்ல தார்ப்பாய் ஒன்றுதான். அம்மாவும் நானும் உப்புக் குவியல்மேல் அதை இழுத்துக் கல் வைத்துக்கொண்டிருக்கிறோம், அப்பா வந்து அப்படியே உருவிக்கொண்டு ஓடுகிறார். அம்மா போட்ட சத்தம் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் கேட்டிருக்கும். குவியலுக்குப் பழைய கீற்றுதான் கதி.

அப்பா உன் பாத்திமேல் தார்ப்பாயை விரித்தார். மூன்று மூலைக்குத்தான் கல் அகப்பட்டது. நாலாவது மூலைமேல் அவரே உட்கார்ந்துகொண்டார், கொட்டுகிற மழையில்.

"உப்பு கரையுது, காலிப் பாத்திய மூடிக்கினு உக்காந்துகிறியே, இருசப்பா" என்று ராஜவேல் சித்தப்பா கத்தினார்.

"அவன் வந்து மிதிக்கட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

அதைக் கேட்டதும் அம்மா குவியலிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு போய் நாலாவது மூலையில் வைத்தாள்.

மழை விட்டதும் அப்பா ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். உன் இடது கால், கம்பெனி பேரோடு அப்படியே இருக்கிறது. ஆக, நம் ஊரிலும் மியூசியம் திறந்தாகிவிட்டது. டிக்கெட் கிடையாது. ஷூவுக்கு அனுமதியும் கிடையாது.

ஐப்பசி மழைக்கு இந்தத் தார்ப்பாய் தாங்காது. தை பிறந்ததும் மிதிக்க ஆரம்பிப்போம். அதற்குள் வந்து சேர்.

அதுவரைக்கும் போன் பண்ணு. இப்போதெல்லாம் அவர் போனை நிமிர்த்தித்தான் வைக்கிறார்.

மியூசியம் காவலாளி,
செந்தமிழ்