மாவுப் பெட்டிக்குள் தலைவன்

மார்ச் 4
நாத்தனாரைத் தனக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதமா என்று கடிகாரம் பழுதுபார்ப்பவர் கேட்டு அனுப்பியிருக்கிறார். ஞாயிறன்று பதில் சொல்ல வேண்டும். “அவ வாயே திறக்கல. நாப்பது வயசுல எதுக்கு? வேண்டாம்னு நானே சொல்லிடறேன்” என்கிறார் என் வீட்டுக்காரர். வேண்டாமென்று அவள் எங்கே சொன்னாள்?

மார்ச் 5
நூலகத்துப் பக்தி அலமாரியில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. எழுதியவர் ஒரு பெண். “எட்ட நின்றே சோதிக்கிறீரே, தலைவா” என்று நாயகி உருகுகிறாள். ஆன்மாவின் குரல். கைகூப்பிவிட்டு வாசித்தேன்.

மார்ச் 6
நாயகியின் அப்பா வருகிறார். தலைவன் மாவுப் பெட்டிக்குள் ஒளிகிறான்.
இறைவன் எதற்கு மாவுப் பெட்டிக்குள் போகிறார்? திரும்பத் திரும்ப வாசித்த பிறகுதான் உறைத்தது — இது நாடகம். காதல் நாடகம். இதற்கா கும்பிட்டேன்?
மூடி வைக்கத்தான் போனேன். “தும்மாதீர். தும்மினால் அப்பா நமக்குக் கல்யாணம் செய்துவைத்துவிடுவார்” என்கிறாள் நாயகி. உள்ளேயிருந்து உடனே ஒரு தும்மல்.
மூடவில்லை.

மார்ச் 7
“அலமாரி மாத்தி வெச்சுட்டாங்க போல, அக்கா” என்றாள் நூலகப் பெண். “அந்தக் காலத்துல அரங்கு நிறைஞ்சு ஓடுச்சாம். இப்ப எடுக்க ஆளில்ல.” உள்ளறையில் இன்னும் ஒரு வரிசை. எல்லாம் பெண்கள் எழுதிய நாடகங்கள். தூசிக்குள் இவ்வளவு சிரிப்பா? வீட்டுச் செலவை இழுத்துப் பிடிப்பவளுக்குத் தெரியும், வீணாக்காமல் இருப்பது எத்தனை கஷ்டமென்று. இவர்கள் ஒரு சொல்லைக்கூட வீணாக்கவில்லை. திட்டாமல், அழாமல், வெறும் பதிலாலேயே ஆளை உட்காரவைக்கிறார்கள். இந்தத் தைரியத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது? மறுபடி கும்பிட்டேன். இந்தத் தடவை தெரிந்தே.

மார்ச் 8
நாத்தனார் சட்டைக்குக் காஜா தைக்கையில் வாசித்துக் காட்டினேன். தும்மல் வரும் இடத்தில் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். “அண்ணி, இதையா கும்பிட்டீங்க?” கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.
பிறகு மெதுவாக, “எனக்கும் பிடிச்சிருக்குன்னு சொன்னா, இந்த வயசுல இவளுக்கு என்னன்னு அண்ணன் நினைப்பாரோ?”
நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

மார்ச் 9, ஞாயிறு
கடிகாரக்காரர் வந்தார். இவர் செருமிக்கொண்டு, “தங்கச்சிக்கு வயசு…” என்று ஆரம்பித்தார்.
கதவருகே நின்ற நாத்தனார் சொன்னாள்: “அது அவருக்குத் தெரியாமலா இருக்கும், அண்ணா? முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கறதுதானே அவர் வேலை.”
கடிகாரக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
“ஓடுதான்னும் பாப்பேங்க.”
“ஓடும்.”
இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளுடையது.

மே 18
கல்யாணமாகி அவள் புது வீட்டுக்குப் போய் ஒரு வாரம். கூடம் கப்சிப்பென்று இருக்கிறது. நான் மூலையில் உட்கார்ந்து வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இவர் செய்தித்தாளை மடித்தார். என்னைப் பார்க்காமலே, “சத்தமாத்தான் படியேன்” என்றார்.