அக்கா, நீ மூன்று முறை நின்றாய்

என் பிரியமான மலர் அக்காவுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரிதான். "அக்கா, மூணு தடவை நின்னுட்ட, டாக்டரைப் பாரு." கூலிமில் உன் தொழிற்சாலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் குன்றில் நாம் பயிற்சிக்காக ஏறிய ஞாயிற்றுக்கிழமை. பழைய ரப்பர் மரங்களைப் பிடித்துக்கொண்டு நீ நின்றதை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். மூன்றாவது முறை உன் கை தாடையைத் தடவியது. நான் பார்ப்பதைக் கவனித்து, "வாய்வுதான் குட்டி. காலையில சாப்பிட்ட நாசி லெமாக்" என்றாய். நான் தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன், அவ்வளவுதான். சொன்னால் நம் ஜெராய் மலைப் பயணத்தை நீ கைவிட்டுவிடுவாய் என்று பயந்தேனா? இல்லை, எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என் பழக்கமா?

அன்று மாலை திகாம் பத்து ஊரில் நம் வீட்டில், தரையில் வரைபடக் காகிதத்தை விரித்து வழி தேர்ந்தெடுத்தோம். கொல்லையில் துணி காயப்போடும்போதெல்லாம் எதிரே தெரியும் அதே ஜெராய் மலைதான். குருண் பக்கம் படிக்கட்டு வழி. யான் பக்கம் காட்டு வழி. ஓடைகளைக் கடந்து, வேர்களைப் பிடித்துத் தொங்கி ஏறவேண்டும். நான் படிக்கட்டைக் காட்டினேன்.

"படி ஏறுறதுக்கு மலை எதுக்குலா? பேக்டரியில தினமும் ஏறிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"காட்டுல அட்டை கடிக்கும்கா."

"கடிக்கட்டும். பத்து வருஷமா சூப்பர்வைசர் கடிக்கிறான், தாங்கலையா?"

காட்டு வழியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாய். அந்தக் காகிதம் என்னிடம்தான் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, ஷிப்ட் முடிந்து வந்த காலையில், கம்பெனி பஸ் நம் சாலைமுனையில் நின்றபோது நீ இறங்கவில்லை. ஜன்னலில் தலை சாய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், தூங்குகிறாய் என்று நினைத்து, "அக்கா, உங்க எடம் வந்திருச்சு" என்று தோளைத் தொட்டாளாம். மருத்துவமனையில் இதயம் என்றார்கள். உனக்கு முப்பத்தாறு வயது.

கருமக்கிரியை முடிந்த அன்று, "இனி வருஷ திதி வரைக்கும் இந்த வீட்டுல யாரும் மலை ஏறக்கூடாது" என்றார் பெரியம்மா.

அம்மா மெதுவாக, "சாமி இருக்கிற மலைக்குத்தானே அந்த வழக்கம்?" என்றார்.

"எந்த மலையில சாமி இல்ல?"

இத்தனை புத்தகம் படித்தவள், இதற்கெல்லாம் கட்டுப்படுவாள் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். கட்டுப்பட்டேன் அக்கா. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏறவா வேண்டாமா என்று ஒரு வருஷத்துக்கு நான் யோசிக்கவேண்டியதில்லை.

ஆனால் நாலாவது மாதம், அலமாரியில் உன் காலணியைப் பார்த்தேன். போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் பெரிது. இரண்டு காலுறை போட்டதும் சரியாக நின்றது. மலைதானே ஏறக்கூடாது? சுங்கை பட்டாணியில் ஓர் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் இருக்கிறதல்லவா, அதன் படிகளில் ஏறி இறங்கத் தொடங்கினேன். உன் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி.

முதல் நாள் காவலாளி அண்ணன் எழுந்தே வந்துவிட்டார். "தங்கச்சி, லிப்ட் வேலை செய்யுதும்மா."

"தெரியும் அண்ணே."

"அப்புறம் எதுக்கு இந்தத் தண்டனை?"

ஒரு மாதத்தில் பழகிவிட்டார். நான் வராத நாளைக்கு மறுநாள், "நேத்து மலைக்கு லீவா?" என்று கேட்பார்.

வருஷம் முடியப்போகிற நேரத்தில், மலை ஏற வனத்துறையில் வழியைப் பதிவு செய்யவேண்டி வந்தது. நான் படிக்கட்டு வழியையே எழுதினேன். சிவப்பு வட்டத்தைப் பார்த்தும் அப்படித்தான் எழுதினேன். அன்று அம்மா என் பையிலிருந்து அரிசியை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தார். "இது எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கும்? இனி உலையில போட்டாலும் வேகாது" என்றார். நீ போனபிறகு அம்மா செய்த முதல் கேலி அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று முறை நின்றது, தாடை, என் வாய் மூடியிருந்தது.

அம்மா அரிசியை டப்பாவில் கொட்டி மூடினார்.

"எனக்கும் தெரியும்டி. மாடிப்படியில நிப்பா. வாய்வும்மான்னு சொல்லுவா. சோடா வாங்கி வச்சதே நான்தானே."

பிறகு அம்மா அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நம் வீட்டில் நெஞ்சில் வருவதெல்லாம் வாய்வு, இல்லையா? அப்பா போவதற்கு முன்னாலும் அப்படித்தான் இஞ்சி தட்டிப் போட்டோம். எழுந்து போகும்போது அம்மா கேட்டார்: "அவ கேட்டது எந்த வழி?"

மறுநாள் வழியை மாற்றி எழுதினேன். அதற்கு முன் கிளினிக்குக்குப் போய், அப்பாவையும் உன்னையும் பற்றிச் சொல்லி, என் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டேன்.

திதி முடிந்த அடுத்த ஞாயிறு, யான் பக்கத்திலிருந்து ஏறினோம். நான், வேறு நான்கு பேர், ஒரு மலாய்க்கார வழிகாட்டி. இரண்டாவது ஓடைக்கு மேலே செங்குத்தில் எனக்கு மூச்சு முட்டியது. முன்னால் போனவர்களின் முதுகு தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் வேரைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியும், அது எனக்கு நன்றாக வரும். "முடியல, நிக்கணும்" என்று மலாயில் சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் நின்றார்கள். வழிகாட்டி திரும்பி வந்து, "பெலான்-பெலான், அவசரமில்லை" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை அக்கா. இவ்வளவுதானா அது?

அட்டை ஏழு கடித்தது. உச்சியில் மேகம் மூடியிருந்தது, நம் வீடு இருக்கும் பக்கமே தெரியவில்லை.

உனக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வீட்டில் யார் நெஞ்சைத் தடவிக்கொண்டு வாய்வு என்று சொன்னாலும், நான் தண்ணீரை மட்டும் நீட்டிவிட்டுச் சும்மா இருக்கமாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவே அப்படிச் சொன்னார். திட்டத் திட்டக் காரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். இசிஜி எடுத்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். ஆறு மணிநேரம் உட்காரவைத்தார்கள்.

வாய்வுதான்.

உன் காலணியில் இப்போது நடக்கும் தங்கை,
குட்டி