எடுக்கச் சொன்ன பேர்

ஜூன் 9, திங்கள்

மழை. பெட்டி அடுக்கல். ஸ்வெட்டர் 2, மருந்து, கம்பளித் தொப்பி. குடை வேண்டாம், அங்கே காற்று பிய்த்துவிடுமாம்.

மகள் ஆரணிக்கு ஐஸ்லாந்தில் எஞ்சினியர்மார் மாநாடு. முடிந்த மறுநாள், வந்தவர்களுக்கும் குடும்பத்துக்கும் எரிமலைச் சுற்றுலா. தை மாதமே எங்கள் இருவர் பேரையும் பதிந்திருந்தாள். இப்போது நான் மட்டும். அவர், என் மனுஷன், கண்மூடி மூன்று மாதம்.

டொரொன்டோவிலேயே மோர்னிங்சைடிலிருந்து மச்சாளின் போன். "தம்பி செத்து வருஷம் திரும்பேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை. மலை ஏறப்படாது, தெரியும்தானே?"

"ஏறமாட்டன் மச்சாள். பஸ்ஸுக்குள்ளை இருப்பன்."

நல்ல சாட்டு. உண்மையில் அந்த மலையைப் பார்க்க எனக்கு முகமில்லை.

ஜூன் 10, செவ்வாய்

எயார்போர்ட். பிளைட் தாமதம்.

யாருக்கும் சொல்லாதது. மாசியில் டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: அவருக்குப் பயணம் வேண்டாம், இதயம் தாங்காது, வீட்டோடு கொஞ்சம் நடக்கட்டும். குசினியில் அடுப்படியில் நின்று ஆரணிக்குப் போன் எடுத்தேன். "அப்பான்ர பேரை லிஸ்டிலையிருந்து எடுத்துவிடு. அவருக்குச் சொல்லாதை."

பிறகு எரிமலையைச் சொல்லியே நடக்க வைத்தேன். தினமும் பின்னேரம், புதுச் சப்பாத்தோடு, அப்பார்ட்மென்ட் கொரிடோரில் எலிவேட்டர் வரை போய்த் திரும்பி. நான் கதவடியில் நின்று எண்ணுவேன்.

"மலை ஏற உவ்வளவு நடை காணுமோ?" என்பார்.

"இன்னும் ரெண்டுதரம்" என்பேன், கூசாமல். கடைசிவரை ஏமாற்றினேன்.

ஜூன் 14, சனி

வெயில். ஆனால் குளிர் காற்று.

பஸ்ஸில் கைட் பெட்டை பேர் வாசித்தாள். என் பேர். அடுத்தது அவருடையது! இரண்டாம் தரமும் கூப்பிட்டாள். சனம் திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஆள் பிந்தி வருகிறார் என்று நினைத்து, பொறுப்போம் என்றாள். ஐந்து நிமிடம் பஸ் நின்றது, இல்லாத மனுஷனுக்காக. பிறகு ஆரணி எழும்பிப் போய் அவள் காதில் சொன்னாள்.

எல்லாரும் ஏறினார்கள். கறுப்புச் சரளை, இடைக்கிடை பச்சைப் பாசி. சின்ன மலைதான். மெல்ல மெல்ல என்றால் அவரும் ஏறியிருப்பாரோ என்னவோ. பஸ்ஸுக்குள் தனிய இருந்து அழுதேன்.

ஆரணி இறங்கி வந்ததும், ஏன் பேரை எடுக்கவில்லை என்று கேட்டேன். அவள் என் கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

டொரொன்டோ. புழுக்கம். 401 ஹைவேயில் நெரிசல். ஆரணி ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியும். நீங்கள் போனிலை சொன்னதை அறைக்குள்ளை இருந்து கேட்டவர். பிறகு எனக்குப் போன் எடுத்தவர். 'பேர் கிடக்கட்டும் பிள்ளை, அம்மாவுக்குச் சொல்லாதை, நான் நடக்கிறதைப் பார்க்க அவவுக்குச் சந்தோஷம்' எண்டவர். அவர் போனபிறகும் எடுக்க எனக்கு மனம் வரேல்லை."

எனக்காகவாம். அந்த இளைப்போடு.

ஒருதரம் சொல்லியிருக்கலாம் மனுஷன். கதவடியில் நின்று எண்ணிக்கொண்டா இருந்திருப்பேன்? கூட நடந்திருப்பேன்.