ஓடை மேலேறும் இடம்

நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அப்பாவின் இடுப்பு எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். எலும்புக்கு அது தெரிந்துவிட்டது, உன் அப்பாவுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

என் கையெழுத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாய். மூன்று வருடமாகப் போனில் உன்னோடு பேசுவது அப்பாதான். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். மடித்த துணியையே திரும்ப மடிப்பதும் உண்டு. ஆனால் நீ அனுப்பிய பெட்டிக்குள் இருந்த சீட்டில் என்னை இழுத்துவிட்டிருக்கிறாய். "அப்பா, இந்த கேம்ல வர்ற நிலம் முழுக்க நான் அமைச்சது. ஆனா இதுல செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஆளுங்களுக்குப் போரடிக்கும், கடிகாரமும் மார்க்கும் வச்சே ஆகணும்னு எங்க மேனேஜர் ஒத்தக்கால்ல நிக்கறார். இருபத்தஞ்சாம் தேதி முடிவு பண்ணிடுவாங்க. ரெண்டு பேரும் விளையாடிப் பாருங்க. அம்மா முகத்துக்காகப் பேச மாட்டாங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதுங்க" என்று எழுதியிருந்தாய்.

கேட்டு எழுத அவர் எதற்கு? முப்பத்தோரு வருடம் நில அளவைத் துறையில் அறிக்கை எழுதியவள் நான். என் அறிக்கையை நானே எழுதுகிறேன்.

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து டிவியோடு இணைத்துக் கொடுத்தார். உன் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடிப்படியில் விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. ஊரெல்லாம் தபால் கொடுத்து நடந்த மனிதர், இப்போது சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான். செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி கொடுக்க வரும் பெண் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொள்வார். நடிப்பில் குறை இருக்கக் கூடாதென்று குறட்டையும் விடுவார். அந்தப் பெண் பாவம், அவருடைய காலை நாலு தரம் மடக்கி நீட்டிவிட்டுப் போய்விடும்.

அதனால் நானே கன்ட்ரோலரை எடுத்தேன். முதல் அரைமணி நேரம் வானத்தை மட்டும் பார்த்தேன். நல்ல வானம்தான், ஆனால் கீழே பார்க்கும் வழி தெரியவில்லை. கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வலது கட்டைவிரலைக் கீழ தள்ளு. அய்ய, அது இடது. உனக்கு யார் சர்வேயர் வேலை குடுத்தது?" என்றார். ஐந்து மாதத்தில் அவர் என்னைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை. கன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டுவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து திரையில் ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

உன் பள்ளத்தாக்கை நான் வர்ணிக்க வேண்டியதில்லை, செய்தவள் நீ. இருந்தாலும் சொல்கிறேன். காலையில் ஓடை மேலிருந்து பனி எழுகிறது. கிட்டே போனால் பறவை பாட்டை நிறுத்துகிறது, அசையாமல் நின்றால் மறுபடி ஆரம்பிக்கிறது. இந்த அப்பாவி மனிதர் அது பாடி முடிக்கும் வரை நகராமல் நிற்கிறார். முதல் நாளே மலைமுகடு வரை நடந்துவிட்டு, "மூச்சே வாங்கல பாத்தியா?" என்று என்னிடம் பெருமையடித்தார்.

மரத்தால் ஆன ஐந்து வீடுகளை அங்கங்கே வைத்திருக்கிறாயே, அவை சும்மா அழகுக்கு என்று எனக்குப் புரிகிறது. உன் அப்பாவுக்குப் புரியவில்லை. மறுநாள் முதல் ஐந்து வீட்டுக்கும் முறை வைத்துப் போகிறார். பொத்தானை அழுத்திக் கதவைத் தட்டி, இருபது எண்ணும் வரை காத்திருக்கிறார். வேலையில் இருந்தபோதும் இருபதுதான் கணக்காம். பிறகு, "ஆள் இல்ல, நாளைக்குப் பாக்கலாம்" என்று அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். வந்து போனதற்கு அடையாளமாக ஒரு காயைப் பறித்து வந்து வாசலில் வைக்கவும் ஆரம்பித்திருக்கிறார். அது வெறும் படம், உள்ளே யாரும் கிடையாது என்று சொன்னேன். "உனக்கு எப்படித் தெரியும்? நீ தட்டிப் பாத்தியா?" என்று கேட்கிறார்.

இனி என் வேலைக்கு வருகிறேன். ஆறு நாளாக உன் நிலத்தை அளந்தேன். அவர் நடக்க, நான் நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து காலடியை எண்ணினேன். நூறு அடிக்கு ஒரு குறிப்பு, மேடு பள்ளத்துக்குத் தனிக் குறிப்பு. வரைபடம் இத்துடன் இருக்கிறது.

ஒரு பிழை கண்டேன். மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் நடுவே, ஓடை வளையும் இடத்தில், தண்ணீர் மேடேறுகிறது. நான்கு தடவை பார்த்துவிட்டேன், சந்தேகமே இல்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். அதை மாற்ற எந்த மேனேஜருக்கும் அதிகாரம் கிடையாது. நிலம் தெரிந்த ஒருவர் பார்த்தால் சிரிப்பார். அதைத் திருத்து.

இத்தனை பெரிய நிலத்தில் ஒரே ஒரு பிழைதான் என்பதையும் பதிவு செய்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அச்சிட்ட வரைபடங்களில் பக்கத்துக்கு மூன்று இருக்கும்.

போரடித்ததா என்று கேட்டிருந்தாய். முதலில் ஓடையைச் சரி செய். பிறகு சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு.

இப்படிக்கு,
அம்மா


பத்தாம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள மகளே,

என் முதல் கடிதம் இதற்குள் வந்திருக்கும். வந்திருந்தால், ஓடையில் கை வைக்காதே. தயவுசெய்து கை வைக்காதே. வைத்துவிட்டாய் என்றால் பழையபடி மாற்றிவிடு.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நேற்று எங்கள் அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர் உன் அப்பாவைப் பார்க்க வந்தார். கோடு போட்டால் நூல் பிசகாது, அத்தனை சுத்தமான கை. ஆனால் யாரையும் பாராட்டி ஒரு வார்த்தை வராத வாய். டிவியில் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் போட்டோ இது? நல்லா எடுத்திருக்காங்களே" என்றார். "போட்டோ இல்ல சார். இந்த நிலமே என் பொண்ணு செஞ்சது. இதுல இருக்கிற மண்ணு, கல்லு, மலை எல்லாம் அவ கை வேலை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். டீ ஆறியது கூடத் தெரியாமல் பார்த்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் கெட்டிக்காரத்தனத்தையும் காட்ட வேண்டுமே! "ஒரு இடத்துல மட்டும் சறுக்கிட்டா" என்று உன் அப்பாவை அந்த வளைவுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். வரைவாளர் பார்த்தார். "ஆமா, தண்ணி மேலதான் போகுது" என்று ஒப்புக்கொண்டார். இரண்டு பெரிய அதிகாரிகளும் திரைக்கு முன்னால் நின்று விவாதிக்க, உன் அப்பாவுக்கு எரிச்சல். நான்காவது வீட்டுக்கு நேரமாகிறதாம். அந்த அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்திவிட்டார். கையிலிருந்த காய் கீழே விழுந்து தண்ணீர் ஓடும் பக்கமே உருண்டது. எங்கள் கண்ணுக்கு மேடாகத் தெரிந்த பக்கம் அது.

மூன்று பேரும் திரைக்கு இன்னும் கிட்டே போனோம். இன்னொரு காயைப் போடச் சொன்னேன். அதுவும் அப்படியே உருண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்தித்தாளை எடுத்து டிவிமேல் வைத்து, கரையோர மரங்களையும் பின்னாலிருந்த மலைவிளிம்பையும் மறைத்தேன். மிச்சம் தெரிந்த ஓடை ஒழுங்காகப் பள்ளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மரங்களை எல்லாம் ஒரே பக்கம் சாய்த்து வைத்திருக்கிறாய். மலையையும் அதற்கேற்பச் சரித்திருக்கிறாய். அதனால் இறக்கம் ஏற்றமாகத் தெரிகிறது. எடுத்த செய்தித்தாளை இறக்காமல் நான் அப்படியே நின்றிருந்தேன்.

பழைய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அன்று உனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் உன்னையும் அளவைக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு மலைச்சாலையில் உன் பந்து மேடேறி உருண்டது. "அம்மா, பந்து மேல போகுது, வந்து பாரேன்" என்று கத்தினாய். எனக்கு வேலை கெடுகிறதே என்ற கோபம். கருவியை வைத்து மட்டம் பார்த்து, "இறக்கம்தான். மரம் சாஞ்சிருக்கு, கண்ணை ஏமாத்துது. பந்தை எடுத்துட்டு ஓரமா உக்காரு" என்று அதட்டினேன். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் நான் அதை மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. அந்த மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்பது வரை உனக்கு நினைவிருக்கிறது.

புது ஆட்கள் வேலைக்குச் சேரும்போதெல்லாம் கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று முப்பத்தோரு வருடம் சொன்னவள் நான். என் மகள் செய்த நிலத்தில் கண்ணை நம்பி, அவளுக்கு நிலம் தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிழை உன்னுடையது அல்ல, என்னுடையது. இந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் இதற்கு முன் எழுதியதில்லை. அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

வரைவாளர் போகும்போது வாசலில் நின்று, "உங்க பொண்ணு நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டா மேடம். நிலத்தை உள்ளும் புறமும் தெரிஞ்சவளாலதான் இப்படி ஏமாத்த முடியும்" என்றார். எனக்குப் பணி ஓய்வு விழாவில் பொன்னாடை போட்டபோது கூட இத்தனை கர்வம் வரவில்லை. ராத்திரி வரை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். உன் அப்பா, "உக்காரேன், எனக்குத் தலை சுத்துது" என்றார்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். இந்தப் பத்தியை உன் மேனேஜரிடம் நீ படித்துக் காட்டலாம். ஐயா, என் கணவர் தபால்காரர். வேலைக்காலம் முழுக்க மணி பார்த்து ஓடியவர். இடுப்பு முறிந்து ஐந்து மாதம் படுத்திருந்தார். இந்த விளையாட்டில் அவரை யாரும் விரட்டவில்லை, யாரும் மார்க் போடவில்லை, தோற்றாய் என்று சொல்லவில்லை. அதனால்தான் எழுந்து உட்கார்ந்தார். இப்போது தினமும் பத்து மணிக்கு, "பீட்டுக்கு நேரமாச்சு" என்று தபால் சுற்றுக்குக் கிளம்புகிறவராக அவரே சட்டை மாற்றிக்கொள்கிறார். பயிற்சி கொடுக்கும் பெண் கெட்டிக்காரி. வீட்டுக்குள் நடந்தால்தான் பள்ளத்தாக்கில் நடக்கலாம் என்று பேரம் பேசிவிட்டாள். வெள்ளிக்கிழமை நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல் வரை முப்பத்துநான்கு அடி நடந்தார். நான் எண்ணினேன், என் எண்ணிக்கை தவறாது. (ஓடை விஷயத்தை மேனேஜரிடம் சொல்லாதே.) ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடினால் இந்த மனிதர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறீர்கள். அவருக்கு அங்கே தலைக்கு மேல் வேலை இருக்கிறது.

இவ்வளவும் சொல்லி உன் மேனேஜர் கேட்காவிட்டால், அது அவர் நஷ்டம். நீ செய்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆனால் நான் இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. கட்டுமானக் கம்பெனியில் நான் சொல்லி வாங்கித் தந்த வேலையை விட்டுவிட்டு இதற்குக் கிளம்பினாயே, அன்றைக்கு "விளையாட்டுச் சாமான் செய்யவா உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வச்சேன்?" என்று கேட்டுவிட்டு என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ பெட்டியோடு வந்து வெளியே நின்று மூன்று தடவை தட்டினாய். நான் தூங்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நீ தட்டியதை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை தட்டினால் திறக்கலாம் என்று நினைத்தேன். நீ தட்டவில்லை. தெருவில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

இப்போது தினமும் உன் அப்பா பூட்டிய கதவுகளைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ண ஆரம்பித்ததும் நான் நோட்டை மூடி வைத்துவிடுகிறேன். நேற்று எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஒரு வீட்டிலாவது யாராவது கதவைத் திறக்கும்படி செய்யச் சொல்லி உனக்கு எழுதச் சொன்னார். அது அவருடைய விண்ணப்பம், உன் வசதிப்படி பார்த்துக்கொள். எனக்கு உன் பள்ளத்தாக்கில் எதையும் மாற்ற வேண்டாம். அது இருக்கிறபடியே சரி.

இருபத்தைந்தாம் தேதி எப்படி முடிந்தாலும், நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு வா. பத்து மணிக்கு மேல் வந்தால் அப்பா பீட்டில் இருப்பார், கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது. நீ வாசலில் வந்து ஒரு தடவை தட்டினால் போதும். நான் கதவுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

நிலம் சரி, அளந்தவள் தவறு என்று சான்றளித்து,
உன் அம்மா